மெய்யின் புள்ளியும் பொறியின் புள்ளியும்

மொழியியல் படித்த ஒருவன் அச்சுப்பொறியைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். அதற்குக் காரணம் ஒரு பயிற்சித்தாள். சுங்கை சிப்புட் வட்டாரத்தில், முன்பு தோட்டப்பள்ளியாக இருந்து இன்று மிகச் சில மாணவர்களுடன் இயங்கும் பள்ளி ஒன்றின் ஆசிரியை அதை என்னிடம் கொண்டுவந்தார். முதலாம் ஆண்டு மாணவர்களுக்காக அவரே உருவாக்கிய தாள் அது. ஒரே பக்கத்தில் 24 வண்ணப்படங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் அதன் பெயர் இளஞ்சாம்பல் நிறத்தில், சிறிய எழுத்தில். அதனடியில் குழந்தை பார்த்து எழுத ஒரு கோடு. பல் படத்தின் கீழ் ஒரு சிறுவன் ‘பல’ என்று எழுதியிருந்தான். ஆசிரியை தவறென்று சிவப்பு மையால் வட்டமிட்டார். மறுநாள் அச்சிறுவனின் தாயார் தாளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்து, “டீச்சர், நீங்க கொடுத்ததைத்தானே பிள்ளை பார்த்து எழுதியிருக்கான்” என்றார். ஆசிரியை தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அச்சில் இருந்ததும் ‘பல’தான்.

கணினித் திரையில் ‘பல்’ என்றே இருந்தது. அதே தாளில் ‘கண்’ என்ற சொல்லின் புள்ளி பழுதின்றி விழுந்திருந்தது, ‘மீன்’ புள்ளியை இழந்திருந்தது, ‘பந்து’ இழக்கவில்லை. எழுத்துரு ஒன்று, அளவு ஒன்று, நிறமும் ஒன்று. அப்படியிருக்க, சில புள்ளிகள் மறைந்து சில புள்ளிகள் நிற்பானேன்? இந்த வினாவைத் தொடர்ந்து சென்றபோது நான் வந்து சேர்ந்த இடம், வண்ண லேசர் அச்சுப்பொறிகளில் உள்ள ‘ஹாஃப்டோன்’ என்னும் அமைப்பு.

பேச்சு முழுவதும் புள்ளி என்ற சொல் குறுக்கிடும் என்பதால், முதலில் பெயர்களைப் பிரித்துவைத்துக் கொள்கிறேன். மெய்யெழுத்தின் தலைமேல் நிற்பதை மெய்ப்புள்ளி என்பேன். லேசர் ஒளி இடக்கூடிய மிகச்சிறிய தடத்தை நுண்கட்டம் என்பேன். நுண்கட்டங்கள் பல கூடி ஒரு நிறச்சாயலைக் காட்டும் கூட்டத்தைத் திரைப்புள்ளி என்பேன். இவை அகராதியில் உள்ள கலைச்சொற்கள் அல்ல. இந்த ஒரு மணி நேரத்திற்கு நமக்குப் பயன்பட்டால் போதும்.

மெய்ப்புள்ளியின் வரலாற்றை முதலில் பார்க்க வேண்டும். மாங்குளம் போன்ற தொன்மையான தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் புள்ளி இல்லை. ஓர் எழுத்தைத் தனி மெய்யாகப் படிப்பதா, அகரம் ஏறிய உயிர்மெய்யாகப் படிப்பதா என்ற சிக்கலை அக்கால எழுதுவோர் வேறு வேறு வழிகளில் தீர்க்க முயன்றனர். பின்னர் வந்த தீர்வே புள்ளி. மெய் புள்ளியோடு நிற்கும் என்பதைத் தொல்காப்பியம் இலக்கண விதியாகவே வைத்திருக்கிறது. எகர ஒகரக் குறில்களுக்கும் அது புள்ளியை விதிக்கிறது. ஆயினும் ஓலையில் எழுதியோர் இவ்விதியைப் பெரும்பாலும் கைவிட்டனர். எழுத்தாணியின் முனையை ஓரிடத்தில் அழுத்திக் குத்தினால் ஓலை துளைபடும் என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். விரைவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. எவ்வாறாயினும், உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்களின் கைக்கு வந்த சுவடிகள் புள்ளியற்றவையாகவே இருந்தன. மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்று சொல்தோறும் தீர்மானித்துக்கொண்டே அவர்கள் படிக்க வேண்டியிருந்தது.

எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டைப் புள்ளியிலிருந்து விடுவித்து எழுத்தின் வடிவிலேயே காட்டும் மாற்றத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்தார் என்பர். இதை எழுத்துச் சீர்திருத்தம் என்ற அளவில் மட்டுமே நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். வேறொரு கோணத்திலும் இதைப் பார்க்கலாம். எளிதில் தொலையக்கூடிய ஓர் உறுப்பை நம்பியிருந்த வேறுபாடு, எளிதில் தொலையாத ஓர் உறுப்பிற்கு மாற்றப்பட்டது. மெய்யெழுத்திற்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. அது இன்றும் ஒரு புள்ளியை நம்பியே வாழ்கிறது. அச்சு வந்தபின் ஈயத்தில் வார்த்த எழுத்து அந்தப் புள்ளியைக் காப்பாற்றிற்று; ஈயத்தில் புள்ளி இருந்தால் தாளிலும் இருக்கும். மழுங்கிய அச்செழுத்தும் வழிந்த மையும் சில வேளைகளில் அதைக் கெடுத்ததுண்டு என்றாலும், பொறி தானாக முடிவெடுத்துப் புள்ளியை நீக்கியதில்லை.

ஓலைச்சுவடியைப் புள்ளியின்றிப் படித்தவர்களால் நாம் ஏன் படிக்க முடியாது என்று ஒரு மாணவர் கேட்கலாம். முடியும். ‘வநதான’ என்று கண்டால் நம் மனம் தானாகவே இரு புள்ளிகளையும் இட்டுக்கொள்கிறது, மொழி நமக்கு முன்பே தெரிந்திருப்பதால். அதாவது, புள்ளி யாருக்கு அதிகம் தேவையோ அவர் மொழியை இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர். வீட்டில் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசி, முதலாம் ஆண்டில்தான் தமிழ் எழுத்தை முதன்முறையாகக் காணும் பிள்ளைகள் நம் பள்ளிகளில் இன்று பலர். அவர்களுக்கு ‘மீன’ என்பதைத் திருத்திப் படிக்கும் முன்னறிவு இல்லை. தாளில் உள்ளதே அவர்களுக்குத் தமிழ்.

உரோமன் எழுத்தில் இத்தகைய ஆபத்து குறைவு. ஆங்கிலத்திலோ மலாயிலோ ‘ஐ’ என்னும் சிற்றெழுத்தின் தலைப்புள்ளி விழாமற்போனாலும் சொல் மாறுவதில்லை. வாசிப்பவர் கவனிப்பதுகூட இல்லை. நம் நாட்டிலேயே தமிழுக்கு உறவான நிலையில் இருப்பது ஜாவி எழுத்து. அங்கே ஒரே உடலின் மேலும் கீழும் இடப்படும் புள்ளிகளின் எண்ணிக்கையால் எழுத்து வேறுபடுகிறது. பா, தா, சா மூன்றும் அவ்வாறு பிரிபவை. அச்சுப்பொறியின் தரத்தை ஆங்கில எழுத்துகளை வைத்து மட்டும் சோதித்தால் இந்தச் சிக்கல் கண்ணில் படவே படாது.

இனி, பொறியின் புள்ளிக்கு வருவோம்.

அச்சு மை ஒரே நிறமுடையது. தாளில் மை ஓரிடத்தில் இருக்கும், அல்லது இராது. பாதி மை என்று ஒன்றில்லை. அப்படியானால் ஒரு நிழற்படத்தின் சாம்பல் நிறங்களை எவ்வாறு அச்சிடுவது? பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சாளர்களை வாட்டிய வினா இது. படத்தைச் சிறு புள்ளிகளாக உடைத்து, இருண்ட இடத்தில் பெரிய புள்ளி, வெளிறிய இடத்தில் சிறிய புள்ளி என்று அச்சிட்டால், சற்றுத் தொலைவில் கண் அவற்றைக் கலந்து சாம்பலாகக் காண்கிறது என்பதே அவர்கள் கண்ட விடை. மெல்லிய துணியின் இழைகளை இடையில் வைத்துப் படத்தை உடைக்கும் எண்ணத்திற்கு டால்பட் 1852-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். 1880 மார்ச் 4-ஆம் நாள் நியூயார்க்கின் ‘டெய்லி கிராஃபிக்’ நாளிதழில் இம்முறையில் ஒரு நிழற்படம் வெளிவந்தது. ஜெர்மனியில் மைசன்பாக் 1882-இல் தம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். குறுக்கும் நெடுக்கும் கோடு கீறிய கண்ணாடித் திரை அதன்பின் வழக்கிற்கு வந்தது.

இவ்வரலாற்றில் நாம் நன்கு அறிய வேண்டிய இந்தியர் ஒருவர் உண்டு: கல்கத்தாவைச் சேர்ந்த உபேந்திரகிஷோர் ராய். திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராயின் பாட்டனார். குழந்தைகளுக்காக இவர் எழுதிய இராமாயண நூலில் இவருடைய ஓவியங்கள் மரக்கட்டை அச்சில் சிதைந்து வெளிவந்தன. அதைப் பொறுக்க மாட்டாமல் இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்து, 1895-இல் சொந்தமாக ஹாஃப்டோன் தொழிலைத் தொடங்கினார். திரையைப் படத்தகட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் நிறுத்துவது, கோடுகளை எந்தக் கோணத்தில் வைப்பது என்பவற்றைக் கணிதமாக ஆராய்ந்து, இலண்டனில் வெளிவந்த ‘பென்ரோஸ்’ ஆண்டு மலர்களில் கட்டுரைகள் எழுதினார். குழந்தைகளின் புத்தகம் ஒழுங்காக அச்சேறவில்லையே என்ற குறைதான் ஓர் எழுத்தாளரை அச்சியல் ஆய்வாளராக்கியது என்பதை, பயிற்சித்தாளோடு வந்த அந்த ஆசிரியையிடம் நான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “ஐயா, எனக்கு ஆய்வெல்லாம் வேண்டாம், புள்ளி வந்தால் போதும்” என்றார்.

லேசர் அச்சுப்பொறியும் அதே பழைய உத்தியைத்தான் கையாள்கிறது. கண்ணாடித் திரைக்குப் பதிலாகக் கணக்கு. பொறியினுள் ஒளியுணர் உருளை ஒன்று சுழல்கிறது. அதன் மேற்பரப்பில் ஏற்றிய மின்னூட்டத்தை லேசர் ஒளி வேண்டிய இடங்களில் நீக்குகிறது. டோனர் எனப்படும் நுண்பொடி அவ்விடங்களில் ஒட்டி, தாளுக்கு மாறி, வெப்ப உருளையில் உருகிப் படிகிறது. வண்ணப்பொறியில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு பொடிகள். இந்நான்கைத் தவிர வேறு எந்த நிறமும் பொறிக்குள் இல்லை. நீங்கள் காணும் பச்சையும் பழுப்பும் சாம்பலும் இந்நான்கின் திரைப்புள்ளிகள் அருகருகே விழுந்து கண்ணை ஏமாற்றியதால் தோன்றுபவை.

பெரும்பாலான அலுவலகப் பொறிகள் அங்குலத்திற்கு 600 நுண்கட்டங்கள் இடுகின்றன. ஒரு நுண்கட்டம் ஏறத்தாழ 0.042 மில்லிமீட்டர். சாம்பல் நிறம் காட்ட வேண்டுமாயின் இவற்றைச் சதுரச் சதுரமாகக் கூட்ட வேண்டும். ஆறுக்கு ஆறு என்று கூட்டினால் ஒரு சதுரத்தில் 36 நுண்கட்டங்கள். எத்தனை கட்டங்களில் பொடி இடுகிறோம் என்பதைப் பொறுத்து, வெள்ளையையும் சேர்த்து 37 படிநிலைகள் கிடைக்கும். ஆனால் அங்குலத்திற்கு 600-ஐ ஆறால் வகுத்த 100 சதுரங்களே இருக்கும். இதை 100 வரித் திரை என்பர். நான்குக்கு நான்கு என்று கூட்டினால் 150 வரித் திரை; கூர்மை கூடும், ஆனால் படிநிலைகள் 17 ஆகக் குறையும். வானம் மெல்ல வெளுத்துச் செல்லும் படத்தில் அந்த 17 படிகள் பட்டை பட்டையாகத் தெரியும். இன்றைய பொறிகள் லேசரின் ஒளித்துடிப்பைச் சுருக்கியும் நீட்டியும் இந்த இழுபறியைத் தணித்துக்கொள்கின்றன; ஆனால் அது முற்றிலும் நீங்கிவிடவில்லை. சாயலின் மென்மை வேண்டுமா, கோட்டின் நுணுக்கம் வேண்டுமா என்ற தேர்வு ஒவ்வொரு பொறியிலும் எங்கோ ஓரிடத்தில் ஒளிந்திருக்கிறது.

இப்போது ‘பல்’ என்ற சொல்லுக்குத் திரும்புவோம். அந்தத் தாளில் எழுத்தின் அளவு 10 புள்ளி. உருப்பெருக்கியும் அளவுகோலும் கொண்டு, அதே சொல்லை முழுக் கறுப்பில் அச்சிட்டு அளந்தேன். மெய்ப்புள்ளியின் குறுக்களவு ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். முழுக் கறுப்பில் அது சுமார் 40 நுண்கட்டங்களால் ஆன திடமான வட்டம். திரை எதுவும் குறுக்கிடுவதில்லை. கறுப்புப் பொடி அப்படியே படிகிறது. அதே சொல்லை 30 விழுக்காட்டுச் சாம்பலில் அச்சிடச் சொன்னால் நிலைமை வேறு. திரையின் அடர்த்தி பொறிக்குப் பொறி மாறும்; கணக்கிற்காக 100 வரி என்று கொள்வோம். ஒரு திரைச் சதுரத்தின் பக்கம் 0.25 மில்லிமீட்டர். மெய்ப்புள்ளியின் முழுப் பரப்பும் ஏறத்தாழ ஒரே ஒரு திரைச் சதுரத்திற்குச் சமம்! முப்பது விழுக்காடு என்றால் அந்தச் சதுரத்தில் பொடி விழும் நுண்கட்டங்கள் பதினொன்று. மெய்ப்புள்ளியின் நடுவும் திரைப்புள்ளியின் நடுவும் தற்செயலாக ஒன்றின்மேல் ஒன்று அமைந்தால், அப்பதினொன்றும் ஒரே கூட்டமாக விழுந்து, சற்றே சிறுத்த புள்ளியாகக் கண்ணுக்குத் தெரியும். ‘கண்’ பிழைத்தது இவ்வாறுதான். அவ்வாறன்றி, மெய்ப்புள்ளி நான்கு திரைப்புள்ளிகளுக்கு இடைப்பட்ட வெளியில் வந்து அமர்ந்துவிட்டால், அதன் விளிம்பில் நான்கு மூலைகளிலும் இரண்டிரண்டு நுண்கட்டங்கள் மட்டுமே மிஞ்சும். அவ்வளவு சிறிய துணுக்குகளில் டோனர் உறுதியாக ஒட்டுவதில்லை. ஒட்டினாலும் நம் கண் பிரித்தறிவதில்லை. முப்பது சென்டிமீட்டர் தொலைவில் நல்ல கண் பிரித்துக் காணக்கூடிய எல்லை ஏறத்தாழ 0.09 மில்லிமீட்டர். ‘பல்’ இவ்வாறு ‘பல’ ஆயிற்று.

ஆக, புள்ளி நிற்பதும் மறைவதும் அச்சொல் தாளில் எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்தது. சொல்லை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தள்ளி வைத்திருந்தால் ‘பல்’ நின்று ‘கண்’ மறைந்திருக்கலாம். 150 வரித் திரையில் இதே மெய்ப்புள்ளி இரண்டரைச் சதுரங்களை மூடுகிறது. அங்கே தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு பெரிதும் கூடுகிறது. எழுத்தைப் பெரிதாக்கினாலும் அப்படியே. ஒரு விரலளவு பெரிய சாம்பல் எழுத்தின் மேல் பிள்ளைகள் பென்சிலோட்டும் தாள்களில் மெய்ப்புள்ளி ஒரு மில்லிமீட்டருக்கும் அதிகம் என்பதால், விளிம்பு சொரசொரப்பாக இருக்குமே தவிர, புள்ளி தொலையாது. அத்தாள்களைப் பற்றி நான் குறை கூறவில்லை.

மெய்ப்புள்ளி மட்டுமன்று, ‘கி’யையும் ‘கீ’யையும் பிரிக்கும் சுழியும், ‘கெ’யையும் ‘கே’யையும் பிரிக்கும் சுழியும் இதே அளவிலான உறுப்புகள். அவை மறைவதைவிட அடைபடுவதே அதிகம். சில எழுத்துருக்களில் மெய்ப்புள்ளியும் உள்ளீடற்ற வளையமாக இருக்கும். அழகுதான், ஆனால் சாம்பல் நிறத்தில் அச்சிட்டால் முதலில் பலியாவது அந்த வளையமே. பெயர் சொல்லி எந்த எழுத்துருவையும் ஒதுக்க நான் விரும்பவில்லை. பயிற்சித்தாளுக்கு நிரம்பிய புள்ளியுள்ள, கோடு தடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

வண்ண எழுத்தின் கதை இன்னும் சிக்கலானது. நான்கு நிறங்களின் திரைகளும் ஒரே கோணத்தில் நின்றால் ஒன்றோடொன்று மோதி, அலையலையான பின்னல் தோன்றும். பட்டுச்சேலை மடிப்பில் காணும் அலை போன்றது அது. இதைத் தவிர்க்கக் கறுப்பை 45 பாகையிலும், சயானை 15-இலும், மெஜந்தாவை 75-இலும், மஞ்சளைச் சுழியத்திலும் நிறுத்துவது அச்சுலக மரபு. கோணம் மாறினால் என்ன நிகழும் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பால்மரக்காட்டின் ஓரமாக மிதிவண்டியில் செல்லும்போது, ஒரு கணம் நிரைகள் எல்லாம் கலைந்து வெறும் மரக்கூட்டமாகத் தெரியும். அடுத்த கணம் நேர்வழியொன்று காட்டின் மறுகோடிவரை திறந்துகொள்ளும். சற்றுத் தள்ளினால் வேறொரு சாய்வில் வேறொரு வழி. மரங்கள் அசையவில்லை, நம் பார்வைக் கோணம்தான் அசைகிறது. கம்பாருக்கும் தெலுக் இந்தானுக்கும் இடைப்பட்ட தோட்டமொன்றில் கழிந்த என் சிறுவயதின் பெரும்பகுதி இந்தத் திறப்பையும் மூடலையும் வேடிக்கை பார்த்ததுதான். இன்று அங்கே செம்பனை நிற்கிறது. பால்மரத்தைக் காணாத இளையோர் கோலத்தை நினைத்துக்கொள்ளலாம்: மஞ்சளின் திரை நேர்ப்புள்ளிக் கோலம் போலவும், கறுப்பின் திரை ஊடுபுள்ளிக் கோலம் போலவும் அமைந்திருக்கும்.

ஒரு மெய்ப்புள்ளியைப் பழுப்பு நிறத்தில் அச்சிட்டால் நான்கு கோலங்களும் அந்த 0.3 மில்லிமீட்டருக்குள் இடம் தேட வேண்டும். பொறியின் நான்கு உருளைகளும் ஒன்றுக்கொன்று இம்மியளவு விலகியிருந்தால், அதாவது 0.1 மில்லிமீட்டர் தவறினால், படத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். மெய்ப்புள்ளிக்கோ அது தன் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. சாம்பல் நிறத்தைக்கூடப் பல பொறிகள் இயல்பாக நான்கு நிறங்களையும் கலந்தே உண்டாக்குகின்றன. அப்போது மெய்ப்புள்ளியின் இடத்தில் விழுவது ஓர் இளநீலத் துணுக்கும் ஓர் இளஞ்சிவப்புத் துணுக்கும். வெள்ளைத்தாளில் அவற்றைக் காண உருப்பெருக்கி வேண்டும்.

இதற்கெல்லாம் பொறி செய்தவர்களைக் குறைகூறுவது பொருந்தாது. நுணுக்கமான திரை எப்போதும் நல்லது என்றால் அவர்களே அதை வைத்திருப்பார்கள். நுண்திரையில் திரைப்புள்ளிகள் நெருங்கி நிற்பதால், பொடி சற்றே கூடினாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உருளை தேய்ந்தாலோ தாள் ஈரம் உறிஞ்சினாலோ சாயல் திட்டுத் திட்டாகும். ஈப்போவின் மாலை மழைக்குப் பின் திறந்து கிடக்கும் தாள்கட்டு எவ்வாறு இருக்கும் என்பது பள்ளி அலுவலகங்களுக்குத் தெரியும். பரந்த திரை இத்தகைய குறைகளைப் பொறுத்துக்கொள்ளும். ஆகவே வண்ணப்படம் அழகாக வரட்டும் என்று மென்மையான, பரந்த திரையை இயல்நிலையாக வைத்துப் பொறியை அனுப்புகிறார்கள். படத்திற்கு அது சரி. அதே தாளில் தமிழ் எழுத்தும் சாம்பல் நிறத்தில் நிற்கும் என்பது அவர்கள் கணக்கில் இல்லை.

என்ன செய்யலாம்? அச்சிடும் கட்டளையைக் கொடுக்குமுன் தோன்றும் பெட்டியில் ‘பிராப்பர்ட்டீஸ்’ என்ற பொத்தானைத் தட்டி, நிறம் பற்றிய பகுதிக்குச் செல்லுங்கள். ‘ஹாஃப்டோன்’ என்ற பெயரில் ‘ஸ்மூத்’, ‘டீட்டெய்ல்’ என இரு தேர்வுகள் சில பொறிகளில் உண்டு. வேறு சிலவற்றில் ‘கிரடேஷன்’, ‘ரெசல்யூஷன்’ என்றிருக்கும். இன்னும் சிலவற்றில் ‘டிதரிங்’ என்ற தலைப்பின்கீழ் ‘ஃபோட்டோ’, ‘டெக்ஸ்ட்’ என்றிருக்கும். பெயர்கள் வேறுபட்டாலும் கேள்வி ஒன்றே: மென்மையா, நுணுக்கமா? எழுத்துக்கு எப்போதும் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து, வரைபடம், நிழற்படம் ஆகியவற்றிற்குத் தனித்தனியே தேர்வு வைக்க இடமிருந்தால், நிழற்படத்திற்கு மட்டும் மென்மையை விட்டுவையுங்கள். சாம்பல் நிறத்திற்கு ‘பிளாக் ஒன்லி’ என்ற தேர்வு இருந்தால் அதை இடுங்கள். நான்கு நிறக் கலப்பு ஒழியும். டோனரை மிச்சப்படுத்தும் தேர்வை எழுத்துப் பயிற்சித்தாளுக்கு அணைத்துவிடுங்கள். அங்கே மிச்சமாகும் டோனரில் மெய்ப்புள்ளியும் சேர்ந்துவிடக்கூடும்.

ஆனால் இவற்றையெல்லாம்விட எளிய வழி ஒன்றுண்டு. பார்த்து எழுதவேண்டிய சொல்லைச் சாம்பலில் இடாதீர்கள். முழுக் கறுப்பில் இடுங்கள். முழுக் கறுப்பில் திரையே இல்லை. ஆகவே தொலைவதற்கும் எதுவும் இல்லை. மாதிரிச் சொல் பிள்ளையின் எழுத்திலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டுமானால், அதை ஒரு கட்டத்திற்குள் வையுங்கள். தாளை மிச்சப்படுத்த ஒரு பக்கத்தில் 24 படங்களை அடைக்க வேண்டியதில்லை என்றும் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் 150 மாணவர்க்கும் குறைந்த பள்ளிகளில் தாளுக்கும் டோனருக்கும் ஆசிரியர்கள் படும் பாட்டை அறிந்தவன் என்பதால் அதை வற்புறுத்தமாட்டேன்.

படமாக மாறிய எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சித்தாள்களை வாட்சாப் குழுக்களில் படமாகப் பகிர்ந்துகொள்வது இப்போது பரவலான வழக்கம். எழுத்து படமாகிய அக்கணமே, அது எழுத்து என்ற செய்தி தொலைகிறது. பொறிக்கு அதுவும் ஒரு நிழற்படம். அனுப்பும்போது சுருக்கப்பட்டதால் கறுப்பின் விளிம்பில் சாம்பல் படர்ந்திருக்கும். அந்தச் சாம்பலை நான்கு நிறத் திரையில் அரைத்துத் தருவதைத் தவிரப் பொறிக்கு வேறு வழியில்லை. முழுக் கறுப்பில் நீங்கள் இட்ட சொல்லும் இவ்வழியில் பழுதாகும். ஆவணமாகவே, பிடிஎஃப் வடிவில் அனுப்புங்கள். எழுத்து எழுத்தாகவே சென்று சேரும். அச்சிட்ட தாளை ஒளிநகல் எடுப்பதிலும் இதே இடர் உண்டு. பின்னணி அழுக்கை நீக்குவதற்காக ஒளிநகல் பொறிகள் தனித்து நிற்கும் சிறு துணுக்குகளைத் துடைத்துவிடும். பொறிக்குத் தூசும் ஒன்றுதான், மெய்ப்புள்ளியும் ஒன்றுதான்.

நான் படித்த தோட்டப்பள்ளியில் ஸ்டென்சில் தாளில் எழுதி, உருளையைக் கையால் சுற்றித் தேர்வுத்தாள் எடுப்பார்கள். மெய்ப்புள்ளியைச் சற்று அழுத்திவிட்டால் மெழுகுத்தாள் துளைபட்டு, ஒவ்வொரு மெய்யின் தலையிலும் மை குளமாக நிற்கும். எங்கள் வாத்தியார் அந்தக் குளங்களைக் காட்டி, “புள்ளி இல்லையென்று எவனும் சொல்ல முடியாது பார்” என்பார். ஓலையில் துளைக்கு அஞ்சிப் புள்ளியை விட்டார்கள்; ஸ்டென்சிலில் துளையே புள்ளியாயிற்று.

உங்கள் பள்ளிப் பொறியைச் சோதிக்க ஒரு சிறு முறை சொல்கிறேன். ‘பல் பல கண் கண மீன் மீன’ என்ற வரியை 10 புள்ளி அளவில், ஒரு பக்கத்தில் இருபது முறை தட்டச்சு செய்யுங்கள். ஐந்து வரிகளை முழுக் கறுப்பிலும், அடுத்த ஐந்தை 70 விழுக்காட்டுச் சாம்பலிலும், பின்னர் 50-இலும் 30-இலும் வையுங்கள். ஒரு முறை மென்மைத் தேர்விலும், ஒரு முறை நுணுக்கத் தேர்விலும் அச்சிடுங்கள். அத்தாளைத் தமிழ் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, புள்ளியுள்ள எழுத்துகளை மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள். தமிழறிந்தவரிடம் கொடுக்காதீர்கள், அவர் இல்லாத புள்ளியையும் கண்டுவிடுவார். நானே முதல் முறை அப்படித்தான் மூன்றைக் கோட்டைவிட்டேன். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர்தான் சரியாக எண்ணிக் கொடுத்தார்.

அந்த ஆசிரியை தம் பள்ளியின் பொறியை நுணுக்கத் தேர்வுக்கு மாற்றி, மாதிரிச் சொற்களைக் கறுப்பாக்கிவிட்டார். சிறுவனின் தாளில் சிவப்பு வட்டத்தை அடித்துவிட்டு மதிப்பெண் இட்டதாகவும் தொலைபேசியில் சொன்னார். ஆனால் இரு வாரங்களுக்குப் பின் அலுவலகக் கணினியைச் சீர்செய்தபோது அச்சுப்பொறியின் மென்பொருளும் புதிதாக நிறுவப்பட்டு, எல்லாத் தேர்வுகளும் பழைய இயல்நிலைக்குத் திரும்பிவிட்டன. இப்போது அப்பொறியின் மூடியில் அவர் கையால் எழுதி ஒட்டிய சீட்டு ஒன்று இருக்கிறது: ‘அச்சிடுமுன் பார்க்கவும்: பல்லா, பலவா?’